ஒரு நாழிகை

யாகுட்ஸ்க்கில் விமானம் மேலெழும்பியபோது
மணி எட்டு ஐம்பது.
மாஸ்கோவில் சக்கரம் தரை தொட்டபோது
ஒன்பது பதினான்கு.
கடிகாரத்தை நம்பினால்
துயாரா பறந்தது
ஒரே ஒரு நாழிகை.

உடம்பு நம்பவில்லை.
ஆறு மணி இருபத்து நான்கு நிமிடம் என்று
முழங்கால் கணக்கு வைத்திருந்தது,
முன்னிருக்கைக்காரன் பின்னால் சாய்ந்த
கணத்திலிருந்து.

தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிறவள்.
கையில் தூக்கினாலே கிராம் சொல்வாள்.
இந்தத் தூரத்தைத்தான்
எந்தத் தராசில் வைப்பதென்று தெரியவில்லை.
நேர்க்கோட்டில் நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
சாலை வழி எட்டாயிரத்தைத் தாண்டும்.
அதற்கும் முதலில் லேனா நதி இறுக வேண்டும்,
லாரியைத் தாங்கும் அளவுக்கு.
இறுகியும் இறுகாமலும் இருக்கும் சில வாரம்
படகும் போகாது, சக்கரமும் போகாது.
அப்போது எதிர்க்கரைதான்
உலகத்திலேயே தொலைவான ஊர்.

போனில் என்றால் கூப்பிடு தூரம்.
நாலு வருஷமாக அப்படித்தான்.
அவள் நள்ளிரவில் விளக்கணைக்கும்போது
எரெலுக்கு மாலை ஆறு.
சுரங்க ரயிலுக்குப் பூமியைக் குடையும் இரவு ஷிப்ட்டுக்கு
பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பான்.
"தூங்கு" என்பான்.
"பார்த்து இறங்கு" என்பாள்.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
ஆறு மணி நேரம் கிடக்கும்,
யாரும் வாங்க வராத பார்சல் மாதிரி.

புத்தாண்டு அவளுக்குத்தான் முதலில் வரும்.
அவனைப் போய்ச் சேர்வதற்குள்
இங்கே ஆறிப்போயிருக்கும்.
போன முறை அவன் கூப்பிட்டபோது
விழித்துத்தான் இருந்தாள்.
எடுக்கவில்லை.

இடப்பக்க ஜன்னல்.
மைனஸ் நாற்பத்தேழின் மூடுபனியைக் கிழித்து ஏறியதும்
பின்னால், இறக்கைக்கு அப்பால், ஒரு சிவந்த கீற்று.
சரி, விடியப் போகிறது என்று நினைத்தாள்.
விடியவில்லை.
தேநீர் வந்தது. கோழியா மீனா என்றார்கள், இரண்டும் வேண்டாம் என்றாள்.
கீற்று அப்படியே.
பின்வரிசைக் குழந்தை அழுது, தூங்கி, மறுபடி அழுதது.
கீற்று அப்படியே.
இவர்கள் மேற்கே ஓட, பூமி கிழக்கே உருள,
ஒரே விடியல்
வழி நெடுகக் கூடவே வந்தது,
முந்தவும் இல்லாமல், விட்டுப் போகவும் மனசில்லாமல்.

சின்னத் திரையில்
பாதை வில்லாக வளைந்து கிடந்தது.
சுற்று வழி என்றுதான் யாருக்கும் தோன்றும்.
பார்சலுக்குச் சணல் கட்டுகிறவளுக்குத் தெரியும்:
உருண்டையான சாமானில்
நேரான கட்டு இப்படித்தான் விழும்.

சொல்ல வேண்டியதை
ஒரே வாக்கியமாக இறுக்கி வைத்திருந்தாள்.
நான் மாஸ்கோவுக்கு வரப்போவதில்லை,
நீ திரும்பி வா, இல்லையென்றால்.
இல்லையென்றால் என்பதற்கு அப்புறம் என்னவென்று
யூரல் மலை வரைக்கும் யோசித்தாள்.
மேகத்துக்குக் கீழே அந்த மலை
எப்போது கடந்தது என்று தெரியாது.

பெட்டி வந்து சேர்ந்தது.
பதினொரு கிலோ சிர் மீன், செய்தித்தாளில் சுற்றியது.
வெளியே காத்திருந்த எரெல்
அங்கேயே தரையில் வைத்து நாடாவைக் கிழித்தான்.
கொஞ்சம் இளைத்திருந்தான். காதோரம் சிமென்ட் தூள்.
ஒரு மீனை எடுத்து விரல் கணுவால் தட்டினான்.
விறகுச் சத்தம்.
"ஊர்க் குளிரையே கட்டி எடுத்துட்டு வந்திருக்கே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ரொம்ப நேரமா பயணம்?"
"இருபத்து நாலு நிமிஷம்."
சிரித்தான். பிறகு
அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான்.
முள்ளை அவள் பின்னால் தள்ளவில்லை.
தலைக்கு மேலே சுவரில் பெரிய கடிகாரம்
பத்தாகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
அதை அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நாலு ஆகப் போகுதே" என்றான்,
"இன்னுமா சாப்பிடல நீ?"

பெட்டியின் ஒரு பிடியை அவன் தூக்கினான்.
மறு பிடியைப் பிடித்ததும்
கைக்கு எடை தெரிந்தது:
ஐந்தரை கிலோ.